ஓடும் நீரில் ஊறிய கோரை

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மாணவியர் வந்து நின்றபோது, என் எம்.ஃபில். ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலைச் சுருக்கித் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் நாட்டுப்புற வடிவங்கள் என்பது அவ்வாய்வின் பொருள். மசலா, கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து என வடிவங்களை வகைப்படுத்தி, எடுத்துக்காட்டுத் தந்து, முடிவுரையும் எழுதிப் பட்டம் பெற்றேன். அவ்வடிவங்கள் உயிருள்ள மனிதர்களிடம் என்ன செய்யும் என்பதை மட்டும் அவ்வேட்டில் நான் எழுதவில்லை. எனக்கு அது தெரியாது. பல்லாண்டுகள் கழித்து ஓர் ஆற்றங்கரையில் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு தோல்விக்குப் பிறகுதான். அத்தோல்வியை எழுதுவதே மாணவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியமையால் இக்கட்டுரை.

2017ஆம் ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் தாமிரபரணிப் பாசனத்திலுள்ள ஒரு சிற்றூரில் நடைபெற்றது. ஊரின் பெயர் இங்கு வேண்டா. என் தாயார் பிறந்த பத்தமடைக்கு அண்மையில் உள்ளது, கன்னடியன் கால்வாயின் நீரால் வாழ்வது, பாய் நெய்யும் நம் சமுதாயக் குடும்பங்கள் சில அங்கும் உண்டு என்ற அளவில் அறிந்தால் போதும். முகாமின் நிறைவு நாளில் ஆற்றைக் காக்க வேண்டியதன் தேவையை உணர்த்தும் வில்லுப்பாட்டு ஒன்றினை நிகழ்த்தும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். நெல்லைச் சீமையில் வில்லுக்குப் பஞ்சமில்லை. காந்தியடிகளின் வரலாற்றைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லில் பாடி நாடறியச் செய்தார். அவரோடு பணியாற்றிப் பின்னர்த் தாமே அக்கலையின் முகமாக விளங்கிய சுப்பு ஆறுமுகம் அவர்கள் நம் மாவட்டத்தில் பிறந்தவர். 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பெற்று, 2022இல் மறைந்தார். இத்தகைய மண்ணில் வில்லெடுக்க நமக்கென்ன தயக்கம் என்று துணிந்து எழுதினேன்.

எழுதியது என்ன? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் ஆற்றின் நீளம், அதன் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளின் பெயர்கள், நெகிழிப் பை மட்குவதற்கு ஆகும் காலம், அசுத்த நீரால் வரும் நோய்கள். அனைத்தும் சரியான செய்திகள். எதுகையும் மோனையும் குறைவின்றி அமைந்திருந்தன. மாணவர்கள் இரண்டு வாரம் பயிற்சி செய்து நன்றாகவே பாடினர். ஊர்மக்கள் இருநூறு பேருக்குக் குறையாமல் அமர்ந்து கேட்டனர், கைதட்டினர், ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டு போர்த்தினார். மகிழ்ச்சியோடு உறங்கச் சென்றேன்.

மறுநாள் விடியலில் கால்வாய்ப் படித்துறைக்குச் சென்றோம். முந்தைய இரவில் தேநீர் வழங்கப்பட்ட நெகிழிக் கோப்பைகள் கரையெங்கும் கிடந்தன. சில நீரில் மிதந்துகொண்டிருந்தன. வில்லுப்பாட்டு கேட்டவர்கள் போட்டவை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பாடியவர்கள் குடித்த கோப்பைகளும் அவற்றுள் இருந்தன. பின்பாட்டுப் பாடிய மாணவன் ஒன்றும் பேசாமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கி அவற்றைப் பொறுக்கத் தொடங்கினான். நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஈண்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்ற பெயரில் நம் கல்வி நிறுவனங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் நாடகப் போட்டிகள், கவியரங்குகள், பேரணிகள் ஆகியவற்றுக்கு நானும் நடுவராக அமர்ந்திருக்கிறேன். மரம் வெட்டாதே என்று அச்சிட்ட நெகிழிப் பதாகையின் முன் நின்று பரிசளித்திருக்கிறேன். விழித்திருப்பவனை எழுப்புவதற்கு நாம் பாடுகிறோம். ஆறு கெடுகிறது என்பது ஆற்றங்கரையில் வாழ்பவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த செய்தியை இசையோடு சொன்னால் அது இசையோடு கூடிய தெரிந்த செய்தியே.

அன்று காலை என் பெரியம்மா வந்தார்கள். தாயாரின் மூத்த சகோதரி, அவ்வூரில் வாழ்க்கைப்பட்டவர்கள், எழுபது வயதைக் கடந்தும் தறியை விடாதவர்கள். முந்தைய இரவு பெண்கள் பகுதியில் அமர்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார்கள். நன்றாயிருந்ததா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “ஏளா, ஆத்தப் பத்தி அவ்வளவு சொன்னியே, அதுல கோரை எங்க இருக்கு?” என்றார்கள். கோரையைப் பற்றி எழுதவில்லை என்றேன். “அப்ப அது வேற யார் வீட்டு ஆறோ” என்று சொல்லி நடந்துவிட்டார்கள்.

அச்சொல் என்னை விடவில்லை. முகாம் முடிந்த பிறகு நான்கு மாணவியரை அழைத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குச் சென்றேன். பிறந்தது முதல் பத்தமடைப் பாயில் உறங்கியவள் நான். அது எப்படி உருவாகிறது என்பதை அன்றுதான் முழுவதும் கேட்டேன். இதனைக் கூற நாணமாகவே உள்ளது.

ஆற்றோரத்திலும் நீர்நிலைகளின் ஓரத்திலும் வளரும் கோரையைப் பசுமை மாறாத பருவத்தில் அறுக்கிறார்கள். கத்தியால் பிளந்து உள்ளிருக்கும் சோற்றை நீக்குகிறார்கள். வெயிலிலும் பனியிலும் காயவைக்கிறார்கள். பச்சை போய் வெளிர்மஞ்சள் வருகிறது. பிறகு கட்டுக்கட்டாகக் கட்டி, கல்லைப் பாரமாக வைத்து, ஓடும் நீரில் அமிழ்த்தி விடுகிறார்கள். சில நாள்கள் ஊறிக் கோரை பருக்கிறது. எடுத்துக் காயவைத்து, மீண்டும் மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். கிழிக்கும் கையின் நுட்பம்தான் பாயின் தரம். சாதாரணப் பாய்க்குத் தடித்த கிழிப்பு போதும். பட்டுப்பாய் என்று வழங்கும் உயர்ந்த பாய்க்குத் தலைமயிரையொத்த இழை வேண்டும். நூல்பாவை விரித்து, தரையில் அமர்ந்து, ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்யும் அப்பாய் ஒன்றினை முடிக்க வாரக்கணக்கில் ஆகிறது. மடித்தால் கைப்பெட்டிக்குள் அடங்கும். திருமணத்திற்கென்று நெய்யும்போது மணமகன், மணமகள் பெயர்களைப் பாயிலேயே எழுத்தாக நெய்து கொடுப்பது இன்றும் வழக்கம். புவிசார் குறியீடு பெற்ற கலை இது. ஆயினும் நெய்பவரின் கூலியைக் கேட்டால் அக்குறியீட்டின் பயன் யாருக்குச் சென்றது என்ற ஐயம் எழும். அது வேறு கட்டுரை.

பெரியம்மா இரண்டு கோரைக் கட்டுகளை எடுத்து வந்து மாணவியர் முன் வைத்தார்கள். ஒன்று பொன்னிறம். மற்றொன்று பழுப்பேறி, இடையிடையே கறுத்துக் கிடந்தது. இரண்டும் ஒரே இடத்தில் அறுத்தவை. ஊறவைத்த இடம் மட்டும் வேறு. பொன்னிறக் கட்டு, உறவினர் ஒருவர் மூலம் ஆற்றில் நல்ல ஓட்டமுள்ள இடத்தில் போட்டு எடுத்தது. கறுத்த கட்டு, அவர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஊறவைத்துவந்த கால்வாய்த் துறையில் போட்டது. அத்துறையில் இப்போது குப்பை அடைத்து நீர் தேங்குகிறது. தெருச் சாக்கடையும் அங்கேயே வந்து விழுகிறது. “ஓடுற தண்ணியில ஊறுனா இது பொன்னு. நின்ன தண்ணியில ஊறுனா இப்படித்தான். சாயம் போட்டு மறைக்கலாம். கை மறைக்குமா? நாத்தம் கையில இருக்கும்” என்றார்கள். அத்தெருவில் முன்னர் வீட்டுக்கு ஒரு தறி இருந்தது. அன்று நான் கண்டவை மூன்று. கூலி, நூல் விலை, நெகிழிப் பாயின் வரவு என்று காரணங்கள் பல உண்டு. பெரியம்மாவோ முதற்காரணமாகத் தண்ணீரையே சொன்னார்கள்.

உடன் வந்த மாணவி ஒருத்தி அக்கறுத்த கோரையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வில்லுப்பாட்டின் எந்த அடியும் அவளிடம் அப்படியொரு மாற்றத்தை உண்டாக்கியதில்லை.

புதிதாக ஒன்றை அமைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. எந்த வடிவத்தில் என்ற வினா எழுந்தபோது விடை சொன்னவர்களும் பெரியம்மாவே. நம் இல்லங்களில் முன்பு நூறு மசலாவைப் பெண்கள் கூடியிருந்து படிப்பார்கள். மனப்பாடமாகச் சொல்வோரும் உண்டு. தன்னை மணக்க வந்தவனிடம் ஓர் இளவரசி நூறு வினாக்களைத் தொடுக்கிறாள். விடை சொன்னால்தான் திருமணம். மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பதே பொருள். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிரம் மசலாவும் இவ்வினாவிடை மரபினதே. இவற்றையெல்லாம் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் எழுதியிருக்கிறேன். பெரியம்மா ஆய்வேட்டைப் பார்த்ததில்லை. “பொண்ணு கேக்கட்டும், மாப்பிள்ளை பதில் சொல்லட்டும்” என்றார்கள். அவ்வளவே.

பாய் விரித்து மாப்பிள்ளை அமர்கிறான். மணப்பெண், அமர்ந்த பாயைப் பற்றியே கேட்கிறாள். இந்தப் பாய்க்குக் கோரை எங்கிருந்து வந்தது? அறுத்த கை யாருடையது? எத்தனை நாள் நீரில் கிடந்தது? அந்நீர் எங்கிருந்து வந்தது? கால்வாயை வெட்டியவர் யார்? அந்த வினாவுக்கு மாப்பிள்ளை கன்னடியரின் கதையைச் சொல்ல வேண்டும். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னையெல்லாம் செலவிட்டு இக்கால்வாயை வெட்டுவித்தார் என்று இப்பகுதியில் கதை வழங்குகிறது. வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிப்பது என் வேலையன்று. எங்கிருந்தோ வந்தவர் வெட்டிய கால்வாயில் இங்கேயே பிறந்தவர் குப்பை போடுகிறார் என்பதை உரைக்க அக்கதை போதுமானதாக இருந்தது.

இசைக்கு வில் வேண்டுமா என்ற இடத்தில் தடை வந்தது. முதல் நிகழ்ச்சிக்குப் பின்னரே ஜமாஅத்துப் பெரியவர்கள் சிலர் மனம் வருந்தியிருக்கின்றனர். வில்லும் உடுக்கையும் கோயில் கொடைக்குரியவை. நம் பிள்ளைகள் அதனை இசைப்பதும், நம் பெண்பிள்ளைகள் மேடையேறிப் பாடுவதும் பொருந்துமா என்பது அவர்கள் வினா. இதனைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட்டுச் செல்லும் இளைஞர்கள் இருக்கின்றனர். எனக்கு அது இயலாது. அப்பெரியவர்கள் வீட்டுப் பெண்களே தறியில் அமர்பவர்கள். அவர்கள் மனம் ஒப்பாத கலையால் அவர்கள் துறையை எப்படித் தூய்மை செய்வது? ஆகவே சென்று அமர்ந்து பேசினேன். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பற்றியும் சொன்னேன். கரிசல் மண்ணாகிய எட்டயபுரத்தில் வாழ்ந்த புலவர், அரபு நாட்டைப் பாட வந்தபோது மேகம் நீருண்டு மழை பொழிவதையும், வெள்ளம் பெருகி வயலில் பாய்வதையும், உழவர் நெல் விளைப்பதையும் பாடினார். காப்பிய மரபு அது என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுகிறோம். பெருமானார் பிறந்த நாட்டைச் சிறப்பிக்க ஆற்றைக் காட்டிலும் உயர்ந்த பொருள் அத்தமிழருக்குத் தோன்றவில்லை என்றும் அதனைக் கொள்ளலாமே.

பெரியவர்களுள் மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் அறிவுரையை நினைவுகூர்ந்தார். “வில்லு வேண்டாம்மா. நம்ம பாவா இருக்காரு, தாயிரா இருக்கு. பிள்ளைங்க பெண்கள் பக்கம் இருந்தே கேக்கட்டும்” என்றார். தடை என்று நான் கருதியதே நிகழ்ச்சியைச் செம்மை செய்தது என்பதைப் பின்னர்த்தான் உணர்ந்தேன். ரமலான் மாதத்தில் சஹர் நேரத்தில் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வரும் பக்கீர் பாவாவின் குரலில் விழித்தெழுந்த தலைமுறை எங்களுடையது. அந்தத் தோற்கருவியின் ஒலி கேட்டால் இன்றும் எங்கள் பக்கத்துப் பெண்கள் அடுப்பை நோக்கி நடப்பார்கள்.

2018ஆம் ஆண்டு முகாமின்போது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நிகழ்ச்சி நடைபெற்றது. மேடை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஒருபுறம் பாவாவும் மாணவர்களும். மறுபுறம் பெண்கள்; அவர்களுக்கு நடுவே மாணவியர். நடுவில் பாய். வினா பெண்கள் பக்கமிருந்து எழும். அதனைப் பாவா தாயிராவில் வாங்கி ஆண்கள் பக்கம் தருவார். மாப்பிள்ளையாக அமர்ந்த மாணவன் விடை சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நீரில் இறங்கிக் கோப்பை பொறுக்கியவன்தான் அம்மாணவன். சில விடைகளை அவன் வேண்டுமென்றே தவறாகச் சொல்வான், பெண்கள் திருத்துவார்கள். கோரை எத்தனை நாள் ஊறும் என்ற வினாவுக்கு ஒருநாள் என்றான். எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. ஒரு மூதாட்டி எழுந்து வந்து தம் விரல்களைக் காட்டி விளக்கம் சொன்னார். அது எங்கள் ஏட்டில் இல்லாதது.

நிறைவாக ஒரு வினாவை வைத்திருந்தோம். மணப்பெண் கேட்கிறாள்: “எனக்கு மஹர் பேசினீர்கள். பாயை நெய்தவருக்குக் கூலி கொடுத்தீர்கள். இந்தக் கோரையைப் பொன்னாக்கித் தந்த தண்ணீருக்கு என்ன கொடுத்தீர்கள்?” இதற்கு மாப்பிள்ளை ஆற்றைக் காப்போம் என்று உறுதி கூறி நீண்டதோர் விடை சொல்வதாக எழுதியிருந்தேன். அவன் வாய் திறக்குமுன், பெண்கள் பக்கத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “பாக்கிதான்!”

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஓய்ந்தது. மஹரில் பாக்கி என்றால் என்னவென்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன் அது. மாணவன் நான் எழுதிக்கொடுத்த விடையைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பாவா தாயிராவை மடியில் வைத்துவிட்டார். நிகழ்ச்சி அத்துடன் முடிந்தது. அன்று தேநீர் பித்தளைக் குவளைகளில் வழங்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்த வெள்ளியன்று தொழுகைக்குப் பின்னர்ப் பெரியவர் அதனைப் பற்றிப் பேசினாராம். சனிக்கிழமை காலையில் இளைஞர்கள் முப்பதுபேர் அளவில் துறையில் இறங்கினர். கால்வாயின் மேற்பக்கத்துத் தெருவில் வாழும் இந்துச் சகோதரர்களும் மண்வெட்டியோடு வந்தனர். அடைத்திருந்த குப்பையை இரண்டு நாள்களில் அள்ளி முடித்தார்கள். நெகிழிப் பைகளுக்குத் தமிழக அரசின் தடை 2019 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே அவ்வூர்க் கடைகள் இரண்டில் துணிப்பை கேட்கத் தொடங்கியிருந்தனர்.

பாட்டு ஒன்று இவ்வளவையும் செய்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணையிலிருந்து காக்கக் கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்டோர் பாடினர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தினர் ஊர்தோறும் சென்று மக்களிடம் பேசினர். 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பாட்டோடு அறிவியலார் ஆய்வும், வழக்கும், பல ஆண்டுப் போராட்டமும் சேர்ந்திருந்தன. எங்கள் சிற்றூரிலோ பாட்டு மட்டுமே இருந்தது. அதனால் குப்பை போயிற்று, சாக்கடை போகவில்லை. சாக்கடையை வேறு வழியில் திருப்புவதற்கு மண்வெட்டி போதாது. பணமும் அலுவலரின் கையொப்பமும் வேண்டும். ஜமாஅத்தும் மேலத்தெருவும் சேர்ந்து மனுக் கொடுத்தன. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு கிடைத்தது. மறு ஆண்டு மீண்டும் ஒரு மனு. மீண்டும் ஒரு சீட்டு. இடையில் பெருந்தொற்றுக் காலம் வந்து முகாமும் நின்றது. துறையில் குப்பையும் திரும்பத் தலைகாட்டிற்று. ஆயினும் முகாம் மீண்டும் தொடங்கியபோது நாங்கள் சென்று சொல்வதற்கு முன்பே அதனை அள்ளியிருந்தார்கள்.

பெரியம்மா இப்போது இல்லை. அவர்கள் கடைசியாக நெய்த பாய், முதன்முதலில் கோரையை முகர்ந்து பார்த்த அம்மாணவியின் திருமணத்திற்கானது. தூய்மை செய்த துறையில் ஊறவைத்த கோரை அது. பெரும்பகுதி பொன்னிறமாக வந்திருந்தது. ஓரத்தில் நாலைந்து இழைகள் மட்டும் கறுத்திருந்தன. மாற்றி நெய்யலாமே என்று கேட்டேன். “கெடக்கட்டும்ளா. தண்ணி இன்னும் சரியாகல்லியே, பாய் மட்டும் பொய் சொல்லணுமா?” என்றார்கள்.

இவ்வாண்டு முகாமுக்கான ஒத்திகை தொடங்கிவிட்டது. பாவாவின் தாயிராவைத் தோல் மாற்றி அவர் பேரர் கொண்டு வந்திருக்கிறார். பழைய வினாக்கள் ஊருக்கு மனப்பாடமாகிவிட்டன; புதியன வேண்டும் என்கின்றனர் மாணவியர். மனுவுக்குக் கிடைத்த சீட்டுகளை வைத்து ஒரு வினாவை அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனைக் கேட்க அலுவலரையும் அழைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அழைப்பிதழ் எழுதும் வேலை எனக்கு.